திமிங்கிலத்துக்கு முதுகு பார்க்கத் தெரியுமா?

ஒரு திமிங்கிலம் பட்டினி கிடந்தால் அதன் தலை வேர்க்கடலை மாதிரி ஆகிவிடும், தெரியுமா? தர்மபுரிப் பேருந்து நிலையத்தில் தள்ளுவண்டியில் அவித்துக் குவித்திருப்பார்களே, அதே வேர்க்கடலை! இரண்டு பக்கமும் புடைத்து, நடுவில் ஒடுங்கி இருக்கும். கொழுத்த உடம்பில் மூச்சுத்துளைக்குப் பின்னால் ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது. தீனி கிடைக்காத திமிங்கிலம் கடைசியில் அந்தச் சேமிப்பிலும் கைவைக்கும். அப்போது கழுத்துப் பக்கம் குழி விழும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆராய்ச்சியாளர்களே இதை ‘வேர்க்கடலைத் தலை’ என்றுதான் சொல்கிறார்கள். அந்தத் தலை தெரிந்த விலங்கு பெரும்பாலும் தப்புவதில்லை.

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நேர்கோட்டில் அளந்தாலும் 150 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டிய வத்தல்மலையில் எனக்கு ஏன் திமிங்கிலம் ஞாபகம் வந்தது? ஒரு மாட்டினால் வந்தது.

இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி, பெரியூர்ப் பக்கம் இறங்கினால் காபிச் செடிகளும் மிளகுக் கொடிகளும். கல்யாணத்துக்கு முந்திய ‘அவுட்டோர் ஷூட்’ எடுக்க ஒரு ஜோடி வந்திருந்தது. கேமராக்காரப் பையன் ட்ரோனை ஏற்றிவிட்டான். சாமை அறுத்த கொல்லையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று ரிமோட்டின் திரையை எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையையும் பெண்ணையும் அவர் கவனிக்கவேயில்லை. திரையின் ஓரத்தில் எறும்பு மாதிரி தெரிந்த தன் மாட்டைத்தான் பார்த்தார்.

“தம்பி, அதைக் கொஞ்சம் கிட்டக் காட்டு. அட, சப்பை ரெண்டும் இப்படித் துருத்திட்டு நிக்குதே! கீழ நின்னு பாத்தா தெரியலையே!”

எத்தனை பெரிய விஞ்ஞானத்தை அந்த மனிதர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார், தெரியுமா?

படகில் நிற்கிறவனுக்குத் திமிங்கிலம் என்றால் என்ன? ஒரு பீச்சல், ஒரு முதுகுத் துண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வால். அவ்வளவுதான். பனிக்கட்டி மிதப்பதுபோல முக்கால்வாசி உடம்பு தண்ணீருக்குள். அது கொழுத்திருக்கிறதா, இளைத்திருக்கிறதா, வயிற்றில் குட்டி இருக்கிறதா என்று பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது. நேர் மேலே போய்விட்டால் தலை முதல் வால் வரை மொத்த உருவமும் ஒரே படத்தில் விழுந்துவிடும். மாட்டுக்குச் சப்பையும் விலாவும் பார்ப்பதுபோலத் திமிங்கிலத்துக்கு முதுகின் அகலம் பார்க்கிறார்கள். மாட்டுச் சந்தைத் தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடிப்பதற்கு முன் ஒரு பார்வை பார்ப்பாரே, கிட்டத்தட்ட அந்தப் பார்வைதான். தரகர் கண்ணால் எடை போடுவார், இவர்கள் பிக்சலால் போடுகிறார்கள்.

2014 ஆகஸ்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கடலில், ஆறு விசிறி வைத்த ஒரு ட்ரோன் 30 மீட்டருக்கு மேல் உயரத்தில் ஓர்காக்களின் தலைக்கு மேலே நின்றது. ஜான் டர்பன், ஹாலி ஃபெர்ன்பாக், லான்ஸ் பாரெட்-லெனார்ட் என்ற மூவரின் குழு அது. (ஓர்காவைக் ‘கொலைகாரத் திமிங்கிலம்’ என்று பாடப்புத்தகம் சொல்லும். உண்மையில் அது டால்பின் குடும்பம். பெயர் வைத்தவர்கள் மேல் ஓர்கா மான நஷ்ட வழக்குப் போடலாம்.) அந்த விலங்கின் கண்ணுக்குப் பின்னால் வெள்ளைத் திட்டு ஒன்று உண்டு. உடம்பில் கொழுப்பு இருந்தால் இரண்டு பக்கத் திட்டுகளும் வெளிப்பக்கம் விரிந்து நிற்கும். இளைக்க இளைக்க அவற்றின் பின்முனைகள் உள்ளே சாயும். முன்முனைகளின் இடைவெளியையும் பின்முனைகளின் இடைவெளியையும் மேலிருந்து அளந்து ஒப்பிட்டால் போதும், அந்த விலங்கு சாப்பிட்டதா பட்டினியா என்று சொல்லிவிடலாம். பொட்டு விலகியதைப் பார்த்து உடம்பு சரியில்லை என்று கண்டுபிடிக்கிற பாட்டி மாதிரி!

சரி, படத்தில் இருப்பதை மீட்டராக்குவது எப்படி? ரொம்ப எளிது. கேமரா எத்தனை உயரத்தில் இருந்தது, லென்ஸ் என்ன, உள்ளே இருக்கும் பிக்சல் எவ்வளவு பெரியது என்ற மூன்றும் தெரிந்தால் நீளம் தானாக வந்துவிடும். சிக்கல் முதலாவதில்தான். உயரத்தில் பத்து சதவீதம் தப்பினால் நீளத்திலும் பத்து சதவீதம் தப்பும். 14 மீட்டர்த் திமிங்கிலம் ஒரு நொடியில் 15.4 மீட்டராக வளர்ந்துவிடும், இரை எதுவும் தின்னாமலே! காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் சாதாரணக் கருவியை நம்ப முடியாது. அதனால் ட்ரோனின் வயிற்றில் லேசர் அளவியைக் கட்டிவிடுகிறார்கள். கீழே தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்து அது உயரத்தைச் சொல்லும்.

இன்னொரு வேடிக்கை. நம் ஊர் விதிப்படி ட்ரோன்கள் பொதுவாகப் பறக்கலாமென்று விட்டிருக்கும் உயரம் 120 மீட்டர், அதாவது 400 அடி. வத்தல்மலைக்கு ஏறும் பேருந்து அடிவாரத்தை விட அதைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு உயரத்துக்குப் போகிறது. ட்ரோன் பார்வையை டிக்கெட் வாங்கிக்கொண்டே பார்க்கலாம், வயிறு ஒத்துழைத்தால்.

முன்பெல்லாம் இந்த வேலைக்கு விமானம்தான். அதற்கு மனிதர்கள் கொடுத்த விலை தெரியுமா? 2003 ஜனவரியில் ஃப்ளோரிடாவை ஒட்டிய அட்லாண்டிக் கடலில், ரைட் திமிங்கிலங்களைக் கணக்கெடுக்கப் போன சிறு விமானம் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். ட்ரோன் விழுந்தால் பணம்தான் போகும்.

அந்த ரைட் திமிங்கிலத்தின் பெயர்க் கதையே கொடுமையானது. மெதுவாக நீந்தும், கரையோரம் வரும், செத்தாலும் மிதக்கும், எண்ணெய் ஏராளம். ‘கொல்லுவதற்குச் சரியான திமிங்கிலம்’ என்று வேட்டைக்காரர்கள் வைத்த பெயர் அது. வட அட்லாண்டிக்கில் இப்போது மிஞ்சியிருப்பவை நானூறுக்கும் குறைவு. அவை குட்டையாகிக்கொண்டே வருகின்றன என்பது தெரியுமா? விமானத்திலிருந்தும் ட்ரோனிலிருந்தும் எடுத்த படங்களை வைத்து 129 திமிங்கிலங்களை அளந்தார்கள். 1981இல் பிறந்ததோடு ஒப்பிட்டால், இன்று பிறக்கும் ரைட் திமிங்கிலம் வளர்ந்து முடிக்கும்போது ஏறக்குறைய ஒரு மீட்டர் குட்டையாக இருக்கும் என்று 2021இல் முடிவு வந்தது. மீன்பிடிக் கயிறு உடம்பில் சுற்றிக்கொண்டால் மாதக்கணக்கில் அதை இழுத்துக்கொண்டே நீந்துகிறது, பாவம். வளர்ச்சிக்குப் போகவேண்டிய சக்தியெல்லாம் இழுப்பதற்குப் போய்விடுகிறது.

இது ஒரு கடலின் கதை என்று விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் ஓரெகன் கரையோரம் மேயும் சாம்பல் திமிங்கிலங்கள் சுமார் 200 உண்டு. அவற்றையும் ட்ரோனால் அளந்தார்கள். 2020இல் பிறந்தவை, 2000க்கு முன் பிறந்தவற்றைவிடச் சுமார் 1.65 மீட்டர் குட்டையாக முடியும் என்று 2024இல் கணக்கு வந்தது. மனிதனாக இருந்தால் ஒரே தலைமுறையில் ஆறடி ஆள் ஐந்தடிச் சொச்சமாகிவிட்ட கதை!

தராசே இல்லாமல் திமிங்கிலத்தை எடை போட முடியும் என்பது தெரியுமா? ஃபிரெட்ரிக் கிறிஸ்டியன்சன் குழு அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் தென்கடல் ரைட் திமிங்கிலங்கள் 86ஐப் படமெடுத்தது. மேலிருந்து எடுத்தால் அகலம் கிடைத்துவிடும். அவை உருண்டு பக்கவாட்டைக் காட்டும்போது எடுத்தால் உயரமும் கிடைத்துவிடும். இரண்டையும் சேர்த்துக் கணினியில் முப்பரிமாண உடம்பைச் செய்து, அதன் கன அளவிலிருந்து எடையைக் கண்டுபிடித்தார்கள். அதைச் சரிபார்க்க எந்தக் கணக்கு உதவியது தெரியுமா? பழைய வேட்டைக்காரர்கள் கொன்று, வெட்டி, நிறுத்து எழுதிவைத்த குறிப்புகள்! கொன்றவனின் நோட்டுப் புத்தகம் பிழைத்தவற்றுக்கு மருத்துவப் பதிவேடாகிவிட்டது.

தாய்மார்கள் இதைக் கேட்டே ஆகவேண்டும். தெற்கு ஆஸ்திரேலியக் கரையில் குட்டிக்குப் பால் கொடுக்கும் ரைட் திமிங்கிலத்தை ட்ரோன் தொடர்ந்து படமெடுத்தது. மூன்று மாதத்தில் தாயின் உடம்பில் கால்வாசி குறைந்துவிட்டது! அந்த மூன்று மாதமும் அது அங்கே ஏறக்குறைய எதுவும் தின்பதில்லை. வருவதற்கு முன் தெற்கே குளிர்கடலில் சேர்த்துவைத்த கொழுப்பையே பாலாக்கித் தருகிறது. தாய் எவ்வளவு கொழுத்து வந்தாளோ, குட்டி அவ்வளவு வேகமாக வளர்கிறது. மேலிருந்து எடுத்த படங்களில் அம்மா சுருங்கச் சுருங்கப் பிள்ளை பெருப்பது அப்படியே தெரியும்.

தீனி எவ்வளவு? 2021இல் வந்த ஆய்வு 321 திமிங்கிலங்களின் உடம்பில் ஒட்டிய கருவிகளின் பதிவையும், வாய் எவ்வளவு பெரிது என்று அளக்க ட்ரோன் படங்களையும் சேர்த்துப் பார்த்தது. பசிபிக்கின் வடகிழக்கில் மேயும் நீலத் திமிங்கிலம், தீனிக் காலத்தில் ஒரே நாளில் தின்பது 16 டன் கூனிப்பொடி! 75 கிலோ மூட்டையாகப் போட்டால் 213 மூட்டை. ஒரு லாரிச் சுமை. காலையில் ஒன்று, மறுநாள் இன்னொன்று. அதுவரை விஞ்ஞானிகள் நினைத்திருந்ததைப் போல மூன்று மடங்கு.

இப்போது சளி. திமிங்கிலச் சளி. முகம் சுளிக்காதீர்கள், இந்தக் கட்டுரையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமே இதுதான்.

திமிங்கிலம் மேலே வந்து மூச்சை விடும்போது பீச்சுவது கடல்நீர் என்றுதான் நாம் படம் வரைந்து பழகினோம், இல்லையா? சின்ன வயதில் நானும் தலையில் ஒரு நீரூற்று வைத்து வரைந்தவன்தான். அது நுரையீரலின் காற்று. கூடவே ஈரமும் சளியும். அந்தச் சளியில் திமிங்கிலத்தின் உயிரணுக்கள், மரபணு, பதற்றத்தைக் காட்டும் ஹார்மோன், கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோன், உள்ளே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் எல்லாம் இருக்கும். நமக்கு மூக்கில் குச்சி விட்டுக் கொரோனா பார்த்தார்களே, அதே பரிசோதனை. ஆனால் திமிங்கிலத்தின் மூக்கில் குச்சி விடுவது யார்?

மெக்சிகோவில் காரினா அசெவெடோ-வைட்ஹவுஸும் அவருடைய தோழிகளும் ரிமோட் ஹெலிகாப்டரின் கீழே ஆய்வகக் கண்ணாடித் தட்டுகளைக் கட்டி, பீச்சலுக்குள் ஓட்டினார்கள். பொம்மை ஹெலிகாப்டர்தான்! 2010இல் அவர்களுக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிக்குத் தருவது அந்தப் பரிசு. இதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை, அடுத்த சில வருடங்களில் உலகமே இதைக் காப்பியடித்தது.

ஓஷன் அலையன்ஸ் அமைப்பின் இயன் கெர் சொன்ன கதை இன்னும் ருசி. மெக்சிகோ வளைகுடாவில் ஸ்பெர்ம் திமிங்கிலங்களைப் படகில் துரத்தித் துரத்தி, அம்பெய்து தோல் மாதிரி எடுக்கும் வேலை. சலித்துப்போய் நிற்கும்போது ஒன்று வந்து மூச்சுவிட, பிசுபிசுப்பும் நாற்றமுமாக மனிதர் நனைந்துவிட்டார். நாம் தேடி அலைவது தானாகவே மேலே விழுகிறதே என்று அப்போது உறைத்தது. அப்படிப் பிறந்ததுதான் ‘ஸ்னாட்பாட்’. தமிழில் ‘சளி ரோபோ’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் வனெசா பிரோட்டா இன்னும் ஒரு படி போனார். சிட்னிக் கடலில் பறந்த அவருடைய ட்ரோனின் தட்டுக்கு மூடி உண்டு. பீச்சலுக்கு மேலே போனால் மட்டும் திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். வழியில் தெறிக்கும் கடல்நீரோ காற்றின் தூசியோ உள்ளே கலக்காது. அந்தச் சளியில் அதுவரை யாருமே பார்த்திராத ஆறு வைரஸ் இனங்கள் கிடைத்தன!

கேப் காட் கரையிலும் வான்கூவர் தீவிலும், ஒரு கண்டத்தின் இரண்டு பக்கமும் இருக்கும் 26 கூன்முதுகுத் திமிங்கிலங்களின் மூச்சைப் பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றையொன்று கண்ணால் பார்த்தே இராத அவை அத்தனையிலும் 25 வகை நுண்ணுயிர்கள் பொது. அதாவது ஆரோக்கியமான திமிங்கில நுரையீரலில் யார் யார் குடியிருக்க வேண்டும் என்று ஒரு ரேஷன் கார்டு கிடைத்துவிட்டது. நாளை ஒன்றில் பெயர்கள் மாறியிருந்தால் சந்தேகப்படலாம். நார்வேயின் வடகோடியில் இப்படிப் பிடித்த மூச்சில் மோர்பில்லி வைரஸ் இருந்தது சமீபத்தில் தெரியவந்தது. அது யார் தெரியுமா? நம் வீட்டில் வேப்பிலை கட்டிவைத்த தட்டம்மையின் பங்காளி. டால்பின்களையும் திமிங்கிலங்களையும் கொத்துக்கொத்தாகக் கொன்ற வரலாறு அதற்கு உண்டு.

தலைக்கு மேல் இத்தனை விசிறிகள் இரைந்தால் அவற்றுக்குத் தொந்தரவு இல்லையா என்று கேட்பீர்கள். வத்தல்மலையில் அந்தப் பையனின் ட்ரோனுக்குக் கோழிகள் ஓடி ஒளிந்தன, பருந்து என்று நினைத்து. ஆனால் காற்றில் வரும் சத்தம் தண்ணீருக்குள் நுழைவது ரொம்பக் கஷ்டம். பெரும்பகுதி மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். நீருக்குள் மைக் வைத்து அளந்தபோது சிறு ட்ரோன்களின் ஒலி கடலின் சொந்த இரைச்சலுக்குள்ளேயே அமுங்கிப்போனது. துரத்தும் படகின் எஞ்சினோடு ஒப்பிட்டால் இது கொசு.

இவ்வளவையும் அந்தப் பெரியவரிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: “அளந்து முடிச்சாச்சு சரி. எளச்சதுக்குத் தீனி யாரு வெக்கிறாங்க?”

அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அமெரிக்க-கனடிய எல்லைக் கடலில் ‘தெற்கு வாசிகள்’ என்று அழைக்கும் ஓர்காக் கூட்டம், எண்ணி எழுபத்துச் சொச்சம்தான். சினூக் சால்மன் மீன் இல்லாவிட்டால் அவற்றுக்குச் சோறு இல்லை. 2008 முதல் 2014 வரை அவற்றின் கர்ப்பங்களில் மூன்றில் இரண்டுக்கு மேல் கலைந்துபோயின. 2018இல் டலக்வா என்ற தாய் ஓர்கா, பிறந்து அரை மணி நேரத்தில் இறந்த குட்டியை 17 நாள் தலையில் சுமந்துகொண்டு சுமார் 1,600 கிலோமீட்டர் நீந்தியதை உலகமே பார்த்து அழுதது. அதே டலக்வாவின் இடுப்பு அகன்றிருப்பதை 2020 ஜூலையில் ஹாலி ஃபெர்ன்பாக்கின் ட்ரோன் கண்டுபிடித்தது. வயிற்றில் குட்டி! செப்டம்பரில் ஆரோக்கியமாகப் பிறந்தது. எந்த ஸ்கேன் சென்டருக்கும் போகாமல், அளவுகோலை வைத்துச் சொன்ன நல்ல சேதி. (2024 டிசம்பரில் பிறந்த அடுத்த குட்டியை அவள் மீண்டும் இழந்தாள், மீண்டும் சுமந்தாள். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.)

தீனி வைக்க முடியாவிட்டாலும் தட்டைப் பறிக்காமல் இருக்கலாம் இல்லையா? 2022இல் வாஷிங்டன் மாநிலம், ட்ரோன் படங்களில் மெலிந்து தெரிந்த ஓர்காக்களைப் பட்டியலிட்டு, சுற்றுலாப் படகுகள் அவற்றிடமிருந்து அரை கடல் மைல் தள்ளியே நிற்க வேண்டும் என்று அவசர உத்தரவு போட்டது. இவை எதிரொலியை வைத்து மீனைத் தேடும் பிராணிகள். படகுச் சத்தத்தில் அவற்றுக்கு மீன் ‘கேட்காது’. ஒரு படம், ஒரு அளவு, ஒரு உத்தரவு. இப்படி நேராகப் போய்ச் சேரும் ஆராய்ச்சி அபூர்வம்.

நம் பக்கத்துக் கடலுக்கு வாருங்கள். இலங்கையைச் சேர்ந்த ஆஷா டி வோஸ் 2003இல் ‘ஒடிசி’ என்ற கப்பலில் இருந்தார். அது யாருடைய கப்பல் தெரியுமா? சளியில் நனைந்த இயன் கெரின் அதே ஓஷன் அலையன்ஸ்! இலங்கைக்குத் தெற்கே நீலத் திமிங்கிலங்களின் நடுவில் அவர் கண்டது கடலில் மிதந்த சிவப்புக் கழிவு. தின்றால்தானே கழிவு வரும்? திமிங்கிலங்கள் குளிர்கடலில் தின்னும், வெப்பக்கடலில் குட்டிபோடும் என்ற பாடப்புத்தகத்தை ஒரு மலம் மாற்றி எழுதியது. இந்த நீலத் திமிங்கிலங்கள் நம் வெப்பக்கடலிலேயே தின்கின்றன. ஆனால் அவை தின்னும் இடமும், உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்றும் ஒரே இடம். கப்பல் மோதிச் சாகின்றன. பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 சதவீதம் குறையும் என்று ஆய்வு சொன்னது. பெரிய சரக்குக் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி. 2022இல் தானாகவே விலகிப் போகத் தொடங்கியது.

தமிழ்நாட்டுக் கரையில் ட்ரோன் தேடுவது திமிங்கிலத்தை அல்ல, ஆவுளியாவை. கடல் பசு என்றால் எல்லோருக்கும் புரியும், ஆவுளியா என்பது கடற்கரைக்காரர்கள் சொல்லும் பெயர். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டிப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் இந்தியாவின் முதல் கடல் பசுக் காப்பகம் அமைந்தது. இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அங்கே மேலிருந்து தேடுகிறார்கள். ஆவுளியா கடற்புல்லை மேய்ந்துகொண்டே போன தடம், கொல்லையில் மாடு மேய்ந்த கோடு போல வளைந்து வளைந்து புல்வெளியில் விழுந்திருக்கும். விலங்கு ஒளிந்துகொண்டாலும் மேய்ச்சல் காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சொன்னபோதுதான் பெரியவர் முதல்முறையாகச் சிரித்தார். “அது மட்டும் எங்கூட்டு மாடு மாதிரியே!”

மணப்பாடு பக்கம் 2016 ஜனவரியில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. மீனவர்கள் வாலைப் பிடித்து இழுத்துக் கடலில் விட, விட, அவை திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன. 45 இறந்தன. அதே கரையில் 1973 ஜனவரியிலும் 147 வந்து கிடந்தன. நம் கடலில் என்னென்ன போகிறது என்பது பெரும்பாலும் அது செத்து ஒதுங்கும்போதுதான் நமக்குத் தெரிகிறது. இல்லாவிட்டால், ‘திமிங்கில வாந்தி’ கடத்தியவர் கைது என்று செய்தித்தாளில் ஆறு மாதத்துக்கொரு முறை.

கடைசியாக லூபானைப் பற்றித் தெரியுமா? அரபிக்கடலின் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் உலகத்திலேயே வினோதமான கூட்டம். மற்ற கூன்முதுகுகள் குளிர்கடலுக்கும் வெப்பக்கடலுக்கும் வருடாவருடம் நடையாய் நடக்கும்போது இவை மட்டும் எங்கும் போகாமல் இங்கேயே தங்கிவிட்டன. சுமார் 70,000 வருடமாகத் தனிக்குடித்தனம் என்கிறது மரபணு. ஓமன் பக்கம் நூறுகூட இருக்காது. 2017இன் கடைசியில் மசீரா வளைகுடாவில் ஒரு பெண் திமிங்கிலத்தின் முதுகில் செயற்கைக்கோள் கருவியைப் பொருத்தினார்கள். அவளுடைய வாலின் அடியில் இருக்கும் கோலம் சாம்பிராணி மரம் போல இருக்கும், அதனால் லூபான் என்று பெயர். அரபியில் லூபான் என்றால் சாம்பிராணி. அவள் என்ன செய்தாள் தெரியுமா? யாரும் எதிர்பாராமல் அரபிக்கடலைக் குறுக்கே கடந்து கோவாப் பக்கம் வந்தாள். அங்கிருந்து கேரளக் கரையோரமாக இறங்கி, இந்தியாவின் தென்முனை வரை வந்து, திரும்பி ஓமனுக்கே போய்விட்டாள்.